ஆடிக் காற்றில் பறந்த அம்மி: புளுகுக் கதையில் விடாமுயற்சி

பிள்ளைகளுக்கான படப் புத்தகத்துக்குப் புளுகுக் கதை, அதாவது நடக்க முடியாததை நடந்த மாதிரியே சொல்லும் கதை, எழுத உட்கார்ந்ததும் முதலில் முடிவு செய்ய வேண்டியது, புளுகை யார் தலையில் கட்டுவது என்பதை. நாயகன் தலையிலா, அவனுக்கு எதிரே நிற்கும் தடையின் தலையிலா? பெரும்பாலும் நாயகனைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு கையால் மலையைத் தூக்குகிறான், ஒரே மூச்சில் ஏரியைக் குடிக்கிறான். வரைவதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மலையை ஒரு கையால் தூக்குகிறவனுக்கு விடாமுயற்சி எதற்கு? முதல் தடவையிலேயே வேலை முடிந்துபோகும். அமெரிக்க மரவெட்டிகள் சொல்லி வளர்த்த பால் பன்யன் கதைகள் இந்த வகை. வலிமையைக் கொண்டாடுகிறவை, வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறவை. விடாமல் முயல்வதற்கு அங்கே இடமே இல்லை. அதைக் காட்ட வேண்டுமென்றால் கதையில் வரும் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளை அளவிலேயே இருக்கட்டும். ஊதிப் பெருக்க வேண்டியது தடையை.

கொங்கு நாட்டில் பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொம்பன் என்ற காட்டுப் பன்றியை அடிக்கு அடி பெரிதாக்கிக்கொண்டே போவார்கள். அதற்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துவது பொன்னாச்சி என்ற குட்டி நாயை. நாயை யாரும் பெரிதாக்குவதில்லை. சின்னதாக இருப்பதில்தான் கதையே இருக்கிறது.

கொங்கு நாட்டில் இப்படிப்பட்ட சரக்குக்குப் பஞ்சமில்லை. கலிங்கராயன் வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்பாக அணை கட்டி, அங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர் கொண்டுபோய் ஆவுடையார்பாறை அருகே நொய்யலில் சேர்த்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டு வேலை. வழி தெரியாமல் நின்றபோது ஒரு பாம்பு முன்னால் ஊர்ந்து போனது, அதன் தடத்திலேயே வெட்டினார்கள், அதனால்தான் வாய்க்கால் நெளிந்து நெளிந்து போகிறது என்பது ஊர்க்கதை. நெளிவுக்கு உண்மைக் காரணம் மட்டம். நிலத்தின் ஏற்றத்தாழ்வைப் பார்த்து, சரிவு அதிகமாகாமல் மேட்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போனால்தான் தண்ணீர் கடைமடை வரைக்கும் போகும். கீழ்ப்பக்கத்தில் கூடுதல் வயலும் பாயும்.

இந்தக் கதையைப் படப் புத்தகமாக்கும்போது தவறு நடக்கிற இடம் ஒன்று உண்டு. ஓவியருக்குப் பாம்பு வரைய ஆசை. பக்கத்துக்குப் பக்கம் பாம்பு படமெடுத்து நின்றால், வாய்க்காலை வெட்டியதே பாம்புதான் என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். பாம்புக்கு ஒரே ஒரு இரட்டைப் பக்கம் (புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்) போதும். மிச்சமெல்லாம் மண்வெட்டி, கடப்பாரை, மண் கூடை, கை கொப்புளம், நடுவில் குறுக்கே நிற்கும் பாறை. அதிசயம் வழியைக் காட்டலாம், வேலையைச் செய்துகொடுக்கக் கூடாது. விடாமுயற்சிப் புளுகு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சாமியோ பூதமோ கடைசிப் பக்கத்தில் வந்து முடித்து வைத்தால், அதுவரைக்கும் பிள்ளை பட்ட பாடெல்லாம் வீண்.

உள்ளூர்க் கணக்கு தெரியாமல் புளுகினாலும் எடுபடாது. 'ஆயிரம் அடி ஆழத்துக்குத் தோண்டினான்' என்று சென்னைப் பிள்ளைக்குச் சொன்னால் வாயைப் பிளக்கும். பல்லடம் பக்கத்துப் பிள்ளை, "எங்க தோட்டத்துல ஆயரத்தி எறநூறு அடி போர் போட்டாங்க, புகையாத்தான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டும். போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வாசலுக்கு வந்து நிற்கிற சீமையில் ஆழத்தை வைத்துப் புளுகுவது கஷ்டம். இங்கே செல்லுபடியாவது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் வரைக்கும் ஆனி, ஆடியில் அடிக்கிற அடியை எல்லாப் பிள்ளையும் கண்ணால் பார்த்திருக்கிறது. காற்றாலைகளும் இந்தப் பக்கம்தான் வரிசை கட்டி நிற்கின்றன. தெரிந்த ஒன்றைத்தான் ஊதிப் பெருக்க முடியும்.

இனி ஒரு கதையையே கட்டிப் பார்ப்போம். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்.' 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.' இந்த இரண்டு பழமொழியையும் அடுத்தடுத்து வைத்தால் முதலாவது தடை, இரண்டாவது வழி. பொள்ளாச்சிப் பக்கத்துக் கோமங்கலத்தில் ஒரு ஆத்தா வீட்டு அம்மி ஆடிக் காற்றில் கிளம்பி, உடுமலையைத் தாண்டி, தாராபுரத்தில் அமராவதிக் கரை மணலில் போய் விழுகிறது. பேத்தி பாவாயி அதைத் திரும்பக் கொண்டுவருகிறாள். கதை இவ்வளவுதான்.

பக்கக் கணக்கு: நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் உள்பக்கங்கள் நான்கின் மடங்கில் வர வேண்டும். 24 பக்கம் வசதி. ஆறு ஏ4 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் 24 பக்க மாதிரிப் புத்தகம் கையில் வந்துவிடும். எழுதத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். கணினியில் பார்த்தால் பக்கம் புரட்டுகிற இடம் தெரியாது. 1 தலைப்பு, 2 பதிப்பு விவரம், 3 ஒற்றைப் பக்கம், 4-5 முதல் 22-23 வரை பத்து இரட்டைப் பக்கம், கடைசியில் 24 மறுபடி ஒற்றை. மொத்தம் 250 முதல் 350 சொல். இரட்டைப் பக்கத்துக்கு முப்பது சொல்லைத் தாண்டினால் படத்துக்கு வேலை இல்லாமல் போகிறது என்று அர்த்தம்.

3ஆம் பக்கத்தில் ஆத்தா தேங்காய் அரைக்கிறாள். அம்மியும் குழவியும் இரண்டுமே தெளிவாகத் தெரிய வேண்டும். இந்தக் குழவியை மறந்துவிடாதீர்கள். 4-5இல் காற்று. இங்கே புளுகைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். முதலில் கொடியில் காயும் துண்டு பறக்கிறது; இது தினமும் நடப்பது. அடுத்தது கோழி மூடும் பஞ்சாரம். இது நடந்தாலும் நடக்கும். அதற்கடுத்துக் கூரை ஓடு. 6-7இல் அம்மி. எடுத்த எடுப்பில் அம்மியைப் பறக்க விட்டால் குழந்தை 'பொய்' என்று சொல்லிவிடும். மூன்று படி ஏறி வந்தபின் பறக்க விட்டால் 'அப்புறம்?' என்று கேட்கும்.

ஒரு கதைக்கு ஒரு புளுகுதான். அம்மி பறந்தது புளுகு. அதற்கப்புறம் நடக்கிற எதுவும் இம்மி பிசகாமல் உண்மையாக இருக்க வேண்டும்: கனம், மணல், கயிறு, மேடு, பள்ளம் எல்லாமே. 8-9இல் பாவாயி தேடிப் போய் அம்மியைக் கண்டுபிடிக்கிறாள். 10-11, முதல் முயற்சி: கயிறு கட்டி இழுக்கிறாள். அம்மி மணலில் புதைகிறது, கயிறு அறுகிறது. 12-13, இரண்டாவது: காங்கேயம் காளை ஒரு ஜோடி. முரட்டு இழுப்புக்கு அம்மி இன்னும் ஆழமாக மூக்கைக் குத்திக்கொள்கிறது, காளைகள் படுத்துவிடுகின்றன. 14-15, மூன்றாவது: அடியில் பனந்துண்டுகளை உருளையாக வைக்கிறாள். நகர்கிறது! ராத்திரி அடித்த காற்றில் அதே உருளைகள் மேலேயே உருண்டு, கிளம்பிய இடத்துக்கே போய்ச் சேர்கிறது.

மூன்று முயற்சியும் ஒன்றுக்கொன்று வேறு என்பதைப் பாருங்கள். நிறையக் கையெழுத்துப் பிரதிகளில் காணும் குறை இதுதான். 'முயன்றாள், முடியவில்லை. மீண்டும் முயன்றாள், முடியவில்லை. மீண்டும் மீண்டும்...' அதையே அதே மாதிரி திரும்பச் செய்வதற்குப் பெயர் பிடிவாதம். ஒவ்வொரு தோல்வியும் பாவாயி கையில் ஏதாவது ஒன்றை விட்டுப் போக வேண்டும். முதலாவது கெட்டிக் கயிறு வேண்டும் என்று காட்டியது. இரண்டாவது, அடியில் ஏதாவது கொடுக்காமல் இழுத்துப் பலனில்லை என்று காட்டியது. மூன்றாவது, பின்னால் தடுக்க ஒன்று வேண்டும் என்று காட்டியது. 16-17இல் மூன்றும் ஒன்று சேர்கின்றன: வடக்கயிறு, உருளை, பின்னால் அண்டைக் கல். கல் வைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது? ரோட்டோரம் லாரியை நிறுத்திய டிரைவர் டயருக்குக் கல் வைப்பதைப் பார்த்து வந்தது. "சும்மா இழுத்தா வராது பாப்பா, பின்னால கல்லு வையி." "செரிங்ணா." அவ்வளவோடு அவர் கிளம்பிவிட வேண்டும். லாரியில் அம்மியை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டால் கதை லாரிக்காரருடையதாகிவிடும். காளைகள் தோற்றதற்கும் இதே காரணம்தான்.

மூன்றுக்கு மேல் முயற்சியை விரிவாகக் காட்டினால் இழுவை. மிச்சக் காலத்தை ஒரே இடத்தில் சுருக்க 18-19 இருக்கிறது. சொல்லே கிடையாது. பன்னிரண்டு சின்னக் கட்டங்கள், தீபாவளி மத்தாப்பு, மார்கழிக் கோலம், பொங்கல் கரும்பு, சித்திரை வெயில். ஒவ்வொன்றிலும் அம்மி கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இரண்டு கட்டத்தில் பாவாயி தூங்குகிறாள், ஒன்றில் நிழலில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிடுகிறாள். இது அலங்காரத்துக்கு இல்லை. சோறு தண்ணி இல்லாமல், ஓய்வில்லாமல் உழைப்பதுதான் விடாமுயற்சி என்று பிள்ளைகளுக்குப் படம் காட்டக் கூடாது. அமெரிக்கச் சுரங்கப்பாதைத் தொழிலாளி ஜான் ஹென்றி கதையில் அவர் நீராவித் துளையிடும் இயந்திரத்தோடு போட்டி போட்டு ஜெயித்து, சம்மட்டியும் கையுமாகச் செத்து விழுகிறார். பாட்டாகக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஐந்து வயதுக்கு அது வேண்டாம்.

எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம், லட்சம், கோடி எல்லாம் புளுகில் செத்த எண்கள். யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தே சொல்வது. ஒழுங்கில்லாத எண்ணைச் சொன்னால் எண்ணியவர் சொல்வதாகத் தோன்றும். கோமங்கலத்துக்கும் தாராபுரத்துக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் 9 அங்குலம். 2,18,700 சாண் சொச்சம் வருகிறது. ஒரு ஆடியிலிருந்து அடுத்த ஆடிக்குள் போய்ச் சேர, நாளைக்கு 599 சாண். கதையில் அப்படியே எழுதலாம்: 'ஒரு நாளைக்கு 599 சாண். அறுநூறு இல்லை.' இந்த இடத்தில் பெரியவர்கள் சிரிப்பார்கள். பிள்ளைகள் தரையில் சாண் போட்டுப் பார்ப்பார்கள். முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொல்வதுதான் புளுகுக் கதையின் நடை. 'அடேயப்பா, எவ்வளவு அதிசயம்!' என்று கதை சொல்பவரே வியந்தால் கேட்பவருக்கு வியக்க ஒன்றும் மிஞ்சாது.

படத்தில் திசையைத் தீர்மானிப்பதற்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும். தமிழ்ப் புத்தகத்தில் கண் இடமிருந்து வலம் போகிறது, பக்கமும் அந்தப் பக்கமாகத்தான் புரள்கிறது. காற்று மேற்கிலிருந்து கிழக்கே, அதாவது இடமிருந்து வலம், பக்கம் புரளும் திசையிலேயே அடிக்கட்டும். அம்மி பறப்பது சல்லென்று இருக்கும். பாவாயி திரும்பி வருவது வலமிருந்து இடம். பார்க்கிற கண்ணுக்கு எதிராக, புரளும் பக்கத்துக்கு எதிராக வருகிறாள். ஒரு சொல் எழுதாமலே அந்த வழி கஷ்டமாகத் தெரியும். 'நாயகி எப்போதும் வலப்பக்கம் பார்த்துப் போக வேண்டும்' என்று சில ஓவியர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். பொதுவாகச் சரிதான், இந்தக் கதைக்குத் தப்பு.

அளவு காட்டுவதற்கு மாறாத ஒரு பொருளை எல்லாப் படத்திலும் வையுங்கள். ஒரு கோழி போதும். ஒரு பக்கத்தில் அம்மி கோழி அளவு, அடுத்த பக்கத்தில் மாட்டு வண்டி அளவு என்றால், எது புளுகு எது ஓவியரின் கவனக்குறைவு என்று பிள்ளைக்குப் புரியாது. காற்றுக்குக் கன்னம் உப்பிய முகம் வரையும் பழக்கத்தை விட்டுவிடலாம். வேப்ப இலை, செம்மண் புழுதி, ஆத்தாவின் முந்தானை, பின்பக்கமாக விரிந்த கோழி இறகு, ஒரே பக்கம் சாய்ந்த தென்னை இவை போதும். திறந்த கிணற்றை இந்த மாதிரிக் கதையில் விளையாட்டு இடமாகக் காட்டவே வேண்டாம். கொங்குத் தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஆழக் கிணறுகள் இன்னும் இருக்கின்றன, பிள்ளைகள் படத்தில் பார்த்ததைச் செய்து பார்ப்பார்கள்.

நாயகி ஏன் ஒரு எறும்பாகவோ நத்தையாகவோ இருக்கக் கூடாது என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் பகிர்ந்துகொள்வதைப் பற்றிய கதையைப் படித்துக் காட்டிப் பார்த்ததில், மனிதர்கள் வந்த கதையைக் கேட்டவர்கள்தான் பிறகு கூடுதலாகப் பகிர்ந்துகொண்டார்கள். சட்டை போட்ட விலங்குகள் வந்த கதையைக் கேட்டவர்கள் அப்படிச் செய்யவில்லை. இன்னொரு ஆய்வு 2017இல் வந்தது. 4, 6 வயதுப் பிள்ளைகளிடம் சலிப்பூட்டும் வேலை ஒன்றைப் பத்து நிமிடம் கொடுத்து, பக்கத்தில் கவனம் கலைக்க ஒரு விளையாட்டையும் வைத்தார்கள். தன்னை பேட்மேன் மாதிரியான ஒரு பாத்திரமாகப் பாவித்துக்கொண்ட பிள்ளைகள்தான் அதிக நேரம் வேலையில் நின்றார்கள். அதனால் பாவாயிக்கு, பிள்ளைகள் வீட்டில் எடுத்து மாட்டிக்கொள்ளக்கூடிய ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். ஆத்தாவின் சிவப்புத் துண்டில் கட்டிய உருமாலை, அதாவது தலைப்பாகை, போதும். துண்டு எல்லா வீட்டிலும் இருக்கிறது.

மொழியில், கதை சொல்லும் வரி பொதுத்தமிழிலும் பேச்சு உள்ளூர்ப் பேச்சிலும் இருப்பது வசதி. பேச்சை எழுதும்போது சினிமா கிராமத்துத் தமிழ் உள்ளே நுழைந்துவிடும். கோமங்கலத்து ஆத்தா மதுரைக்காரியாகப் பேசுவாள். எழுதியதை அந்தப் பக்கத்துப் பெரியம்மா ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கே திருத்துங்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி வேண்டும், பிள்ளைகள் கூடவே கத்துவதற்கு: "ஒரு சாணு போச்சு, இன்னொரு சாணு இருக்குது!" நான்கு முறைக்கு மேல் வேண்டாம். அதிலும் 20-21இல், கடைசி மேட்டில், பாதியில் நிறுத்திவிடுங்கள். மீதியைப் பிள்ளைகள் சொல்வார்கள்.

22-23இல் அம்மி வீடு சேர்கிறது. இங்கேதான் எல்லாருக்கும் கை பரபரக்கும்: 'ஆகவே குழந்தைகளே, விடாமுயற்சி வெற்றி தரும்.' அந்த வரியை எழுதினால் 24ஆம் பக்கத்துக்குப் போவதற்குக் காரணமே இருக்காது. அதற்குப் பதில் ஆத்தா அம்மியைத் தடவிப் பார்க்கிறாள், சுற்றுமுற்றும் பார்க்கிறாள், "ஏங்கண்ணு, குழவி எங்க?" என்கிறாள். பக்கம் புரள்கிறது. 24இல் பாவாயி உருமாலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தோளில் வடக்கயிறோடு கிழக்கே போகிறாள். வழிகாட்டிப் பலகையில், தாராபுரத்துக்கும் அப்பால் இருக்கும் 'மூலனூர்'. அம்மியைவிடக் குழவி லேசு, அதனால் இன்னும் தூரம் போய் விழுந்திருக்கிறது. புளுகுக்குள்ளும் கணக்கு தப்பவில்லை. 6-7ஆம் பக்கப் படத்தின் மூலையில் குழவி தனியாகப் பறப்பதைச் சின்னதாக வரைந்து வைத்திருந்தால், இரண்டாம் முறை படிக்கும்போது ஏதாவது ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடித்து ஊரைக் கூட்டும்.

அச்சுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் தப்பினால் திருத்த முடியாதது. உள்பக்கத்துக்கு 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் தாள், அட்டைக்கு 250 முதல் 300. படம் வெட்டு எல்லையைத் தாண்டி 3 மில்லிமீட்டர் நீள வேண்டும். இல்லையென்றால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். பாவாயியின் முகமோ அம்மியோ நடு மடிப்பில் விழக் கூடாது. எழுத்து அளவு 18 முதல் 20 பாயிண்ட், வரி இடைவெளி தாராளமாக. இரு ஓரமும் சமமாக நிரப்ப வேண்டாம்: தமிழ்ச் சொற்கள் நீளம், ஒரு வரிக்கு மூன்று சொல் வரும் இடத்தில் நடுவே ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும். எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். நான்கு நிறமும் கலந்த கறுப்பாக இருந்தால் அச்சுத் தகடு ஒரு நூல் விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். கருநீல வானத்தில் வெள்ளை எழுத்து வேண்டும் என்று ஓவியர் கேட்பார். அந்தப் பக்கத்துக்கு மட்டும் எழுத்தைத் தடிப்பாக்கி 22 பாயிண்டுக்கு ஏற்றுங்கள், அப்படியும் மாதிரி அச்சில் முதலில் புள்ளி வைத்த மெய்யெழுத்துகளைப் பாருங்கள். சுற்றிலும் உள்ள மை பரவி புள்ளி அடைந்துபோனால் 'கல்' 'கல' ஆகிவிடும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை அங்கேயே நின்றுவிடும்.

அச்சுக்கு முன்னால் அந்த ஆறு தாள் மாதிரிப் புத்தகத்தை அங்கன்வாடியிலோ தெருப் பிள்ளைகளிடமோ படித்துக் காட்டுவது கட்டாயம். முடித்ததும் 'இதுல இருந்து என்ன கத்துக்கிட்டீங்க?' என்று கேட்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடை தெரியும், அதைச் சொல்லிவிடுவார்கள். 15ஆம் பக்கத்தில் அம்மி திரும்ப உருண்டு போனதும் நிறுத்திவிட்டு, 'இப்ப பாவாயி என்ன பண்ணுவா?' என்று மட்டும் கேளுங்கள். கயிறு, கல், பசை, ஆணி என்று ஆளுக்கொன்று சொன்னால் கதை வேலை செய்கிறது. 'அழுவா', 'அப்பாவைக் கூப்பிடுவா' என்று மட்டுமே வந்தால், முதல் இரண்டு முயற்சியிலும் ஏன் தோற்றாள் என்பது படத்தில் தெளிவாக இல்லை என்று பொருள். 10 முதல் 13 வரை உள்ள பக்கங்களை மறுபடி வரையச் சொல்லுங்கள்.